மூன்று விரல் அகலம்

"மூணு விரலை நெட்டுக்குத்தா வாய்க்குள்ள விட்டுக் காட்டுங்க சார்," என்றார் டாக்டரம்மா.

குடியிருப்போர் சங்கத் தலைவர் விட்டுப் பார்த்தார். ஒன்றரை விரலோடு கதவு நின்றுவிட்டது. பதினோரு வருடம் போட்டியே இல்லாமல் தேர்வான வாய் அது. உரையாற்றும்போதெல்லாம் தாடை மூட்டு 'டக்' என்று சொடுக்கும். மைக் அதை வாங்கி மொட்டை மாடி வரை சேர்க்கும். இன்றைக்கு எத்தனை டக் என்று மூன்றாம் மாடிக்காரர்கள் பந்தயம் கட்டுவார்கள். தலைவரோ அது கருத்தின் கனம் தாங்காமல் எழும் ஓசை என்றே நம்பியிருந்தார்.

"மூட்டுத் தேய்மானம் சார். வாயைத் திறக்க முடியலன்னு இருபது நிமிஷமா சொல்லிட்டிருக்கீங்க."

"வீட்டுல டிவிகூட இவர் முடிச்சப்புறந்தான் பேசும்," என்றாள் கூட வந்திருந்த மனைவி.

காதுக்கு முன்னால் மரத்துப்போக ஓர் ஊசி, மூட்டைக் கழுவ இன்னொன்று, கடைசியாகக் கூழ் மாதிரி வழுவழுப்பான மருந்து. கீலுக்கு எண்ணெய் விட்டால் நாளை பேச்சு இரட்டை வேகத்தில் ஓடும் என்று கணக்குப் போட்டுத்தான் தேர்தலுக்கு முந்தின நாளாகப் பார்த்து வந்திருந்தார். முதல்முறையாக ஒருவர் எதிர்த்து நிற்கிறார்: தரைத்தளத்து லிஃப்ட் மெக்கானிக்.

"ரெண்டு நாள் பேச்சே கூடாது. குழைவா சாப்பிடுங்க. கொட்டாவி வந்தாக்கூட தாடையைக் கையால தாங்கிக்குங்க. வலி போகப்போகக் குறையும்."

பேசாமல் ஜெயிப்பது எப்படி என்று தலைவருக்குத் தெரியாது.

மறுநாள் தேர்தல் கூட்டத்தில், அவர் எழுதிய பதினான்கு பக்க உரையை அவருக்குப் பதிலாகப் படிக்க மைக்கின் முன் மனைவி நின்றாள். 'மாண்பும் மாட்சிமையும்' என்று தொடங்கிய முதல் பக்கத்தைப் பார்த்தாள், புரட்டினாள். இரண்டாவதில் அவருடைய பிள்ளைப் பருவம்; புரட்டினாள். காகிதச் சத்தம் மட்டும் மைக்கில் கேட்டது.

"இதுல வேலை இருக்கறது ஒரு பக்கந்தாங்க. தொட்டி கழுவி ஏழு மாசமாச்சு, ஞாயித்துக்கிழமை கழுவிடலாம். லிஃப்ட் தம்பி, உங்களைக் கீழ வெச்சுக்கிட்டு நம்ம லிஃப்ட் ரிப்பேருக்கு வெளியாளைத் தேடினது எங்க தப்பு. கொஞ்சம் பாத்துக் குடுங்க. அவ்ளோதான், போய்ச் சாப்பிடுங்க."

பழக்கதோஷத்தில் தலையணையோடு வந்திருந்த பெரியவருக்கு அதைத் தட்டிப் போடக்கூட நேரமில்லை. ஒரு கணம் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. பிறகு கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

மெக்கானிக் எழுந்தார். "நான் விலகிக்கிறேன். அக்காவே தலைவரா இருக்கட்டும். சரின்னு சொல்றவங்க கை தூக்குங்க!"

கைகள் முளைத்தன. 'நிறுத்துங்கள்' என்று சொல்ல வாய் இல்லாத தலைவர், அவசரமாக வலது கையை உயர்த்தினார்.

"தலைவரே தூக்கிட்டாரு! ஏகமனதா!" என்று செயலாளர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் தலைவரின் வாய் திறந்தது. தன்னை மறந்து, அகலமாக, முழுசாகத் திறந்தது. மூன்றாம் மாடிக்காரர்கள் பேனாவைத் திறந்து காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஒரு டக்கும் வரவில்லை.

மேடையில் மனைவி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூன்று விரல்களை ஒன்றாகச் சேர்த்துக் காற்றில் நீட்டி, தூரத்திலிருந்தே அளவு பார்த்தாள்.