லண்டன் செட்டும் ஜெர்மன் செட்டும்

மலர்க்கொடி என்ன பதில் சொல்வாள் என்று ஒத்திகை பார்க்கப் போய்த்தான் பக்தவச்சலம் அந்தப் பிளேட்டின்மேல் உட்கார்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ராயபுரத்தில் பார்சிக் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு, ரோஷனம்மாவின் வீட்டு ஹால். அம்மாள் கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாருமில்லை. சாயங்காலத்துக்காக கிராமபோன் பிளேட்டுகளை உறையிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தவன், கையிலிருந்த ஒன்றை வெல்வெட் நாற்காலியில் வைத்துவிட்டு, கிராமபோன் பெட்டியைப் பார்த்து, "மலரு, என்னக் கட்டிக்கிறியா?" என்று கேட்டான். குரல் நன்றாகத்தான் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எதையும் பாதியில் விடுகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. பதில் சொல்கிற பாகத்தையும் தானே நடித்துப் பார்த்துவிடலாம் என்று, அவள் உட்காருகிற மாதிரியே முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு (மேல்துண்டுதான்), தலையைக் கொஞ்சம் சாய்த்து, நாற்காலியில் அமர்ந்தான்.

பதில் 'படக்' என்று வந்தது.

எழுந்து பார்த்தால் லண்டன் செட்டின் மூன்றாவது பிளேட்டு உடைந்த அப்பளம் மாதிரிக் கிடந்தது. ஒரு சில்லை மட்டும் நாற்காலியில் காணோம். அது எங்கே ஏறியிருக்கிறது என்பதை அவனுடைய பின்தொடையே அவனுக்கு அறிவித்தது.

பக்தவச்சலம் ரோஷனம்மாவின் ரொட்டிக் கிடங்கில் குமாஸ்தா. துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்கு ரொட்டியும் பிஸ்கோத்தும் ஏற்றி அனுப்புவது அவன் வேலை. வாரத்தில் ஆறு நாள் ரொட்டி, ஏழாவது நாள் சிம்பனி. அம்மாளுக்கு மணிக்கட்டில் வாயு. கிராமபோனுக்குச் சாவி கொடுக்க முடியாது. சிம்பனியோ ஒரே பிளேட்டில் அடங்குகிற சமாசாரமில்லை. பிளேட்டின் ஒரு பக்கம் நாலு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். திருப்ப வேண்டும், ஊசி மாற்ற வேண்டும், மறுபடி சாவி முறுக்க வேண்டும். இதற்குச் சம்பளம் கிடையாது. புதினா போட்ட டீ உண்டு. பின்கட்டில் குடியிருக்கிற பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் மலர்க்கொடி அந்த டீயைக் குடிக்க வந்து உட்காருவதும் உண்டு. மேல்நாட்டு சங்கீதத்தில் அவனுக்குப் பற்று ஏற்பட்டது இப்படித்தான்.

லண்டன் செட்டு, ஒரு கப்பல் மேஸ்திரி ரோஷனம்மாவுக்கு வாங்கி வந்து தந்தது. ஐந்து பிளேட்டு. அதைக் கேட்டுக்கொண்டு அம்மாள் நிம்மதியாகத்தான் இருந்தாள், ஹுமாயூன் சாயபுவின் வீட்டுக்கு ஹாம்பர்க்கிலிருந்து அந்தப் பார்சல் வருகிறவரைக்கும். சாயபுவுக்கு வண்ணாரப்பேட்டையில் தோல் மண்டி. அவரிடம் தோல் வாங்குகிற ஜெர்மன்காரன், நட்புக்கு அடையாளமாக அனுப்பியதும் அதே சிம்பனி! வாசித்தது மட்டும் ஜெர்மன் பேண்டு. ஆறு பிளேட்டு.

அன்றைக்குப் பிடித்தது சண்டை. ஒரு வருஷமாக ஓயவில்லை.

"உங்க ஜெர்மன்காரன் வாசிக்கிறது, தோல் ஏத்துன எருமை வண்டி வாராவதிப் பாலம் ஏறுற மாதிரி கீது பாய்" என்பாள் ரோஷனம்மா. மூன்று தலைமுறையாக ராயபுரத்திலேயே இருக்கிற குடும்பம். வீட்டுக்குள் குஜராத்தி, வாசலுக்கு வந்தால் மெட்ராஸ் தமிழ்.

"உங்க லண்டன்காரன் மட்டும் இன்னா, கடைசி டிராமைப் புடிக்க ஓடுறானா? அழுவுற எடத்துலகூட கடியாரத்தப் பாத்துகினே அழுவுறாம்மா" என்பார் சாயபு.

இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் இன்றைய ஏற்பாடு. முதலில் லண்டன், பிறகு ஜெர்மன், இரண்டையும் முழுசாகக் கேட்பது. எந்தக் கட்சியிலும் சேராத மலர்க்கொடி தீர்ப்புச் சொல்வது. தோற்றவர் அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.

பக்தவச்சலத்துக்கு லண்டன் ஜெயித்தாலும் ஒன்றுதான், ஜெர்மனி ஜெயித்தாலும் ஒன்றுதான். அவன் வழக்கு வேறு. மலர்க்கொடியிடம் அவன் இதுவரை மூன்று தடவை கல்யாணப் பேச்சு எடுத்திருக்கிறான். மூன்றும் எப்படியோ நையாண்டியாகப் போய் முடிந்தன. கடைசித் தடவை அவள், "ஆஸ்பத்திரி வேலைய வுடச் சொல்லுவியா?" என்று நேராகவே கேட்டாள். உருப்படியாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "வுடாத வுடாத, எனக்கு வவுத்து வலி வந்தா யாரு பாக்குறது" என்றான். அவள் சிரிக்கவில்லை.

"ஒரே ஒரு தபா, கேலி இல்லாம, ஒரு விசயத்த உள்ளது உள்ளபடி சொல்லுயா. அப்பாலிக்கா நானும் உனக்கு நேராப் பதில் சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

அதற்குத்தான் அந்த ஒத்திகை.

உடைந்ததையெல்லாம் பொறுக்கி பிஸ்கோத்து டின்னில் போட்டு மூடிவைப்பதற்குள் வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது. சாயபு தன் ஜெர்மன் செட்டைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே அம்மாளும் வந்துவிட்டாள். மலர்க்கொடி டீத் தட்டோடு வந்தாள்.

"குந்துயா, ஏன் நிக்கிற?" என்றாள்.

"பரவால்ல. சங்கீதத்துக்கு மரியாதை" என்றான் பக்தவச்சலம். உட்காருகிற நிலைமையில் அவன் இல்லை.

சாயபு செட்டை அவன் கையில் கொடுத்தார். வாங்கியதும் அவனுக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. அதே சிம்பனிதானே? இதிலும் ஒரு மூன்றாவது பிளேட்டு இருக்குமே? லண்டன் பிளேட்டுக்கு நடுவில் சிவப்புச் சீட்டு, ஜெர்மன் பிளேட்டுக்கு நீலச் சீட்டு; கிராமபோனை மறைத்துக்கொண்டு நின்றால் யாருக்குத் தெரியப்போகிறது? ஜெர்மன் மூன்றை லண்டன் முறைக்கும் ஒருதரம், ஜெர்மன் முறைக்கும் ஒருதரம் போட்டுவிட்டால் தீர்ந்தது. மூன்றுக்கு மூன்று.

லண்டன்காரன் ஓட்டமாக வாசித்து ஐந்தில் முடித்ததை ஜெர்மன்காரன் நிதானமாக வாசித்து ஆறில் முடித்திருக்கிறான், ஆகையால் ஒருவனுடைய மூன்றாவது பிளேட்டு தொடங்குகிற இடத்தில் மற்றவனுடையது தொடங்காது என்கிற கணக்கு, ரொட்டி மூட்டையாக இருந்தால் அவனுக்கு உடனே உறைத்திருக்கும். சிம்பனியில் உறைக்கவில்லை.

லண்டன் செட்டு ஆரம்பமானது. முதல் பிளேட்டு டிராம் வேகத்தில் போயிற்று. இரண்டாவதன் மறுபக்கத்தில் எல்லாம் அடங்கி, ஒற்றைக் குழல் ஒன்று தனியே எழுந்தது. வீட்டை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட ஒருவன் முணுமுணுப்பது போல் ஒரு பாட்டு. ரோஷனம்மா கண்ணை மூடிக்கொண்டாள். குழல் தன் துக்கத்தைச் சொல்லி முடித்துப் பெருமூச்சு விட்டது. பிளேட்டு தீர்ந்தது.

பக்தவச்சலம் நீலச் சீட்டைத் தன் வயிற்றால் மறைத்துக்கொண்டு ஊசியை இறக்கினான்.

குழல் தன் துக்கத்தை மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தது. இந்தத் தடவை இன்னும் மெதுவாக.

ரோஷனம்மா கண்ணைத் திறந்தாள்.

"இன்னாமா இது? இப்பத்தானே அழுதான்?" என்றார் சாயபு குஷியாக. "மறந்துட்டானா?"

அம்மாள் கிராமபோன் பக்கம் பார்த்தாள், சாயபுவைப் பார்த்தாள். தன் செட்டில் ஏதோ கோளாறு என்று இந்த மனிதர் எதிரில் ஒப்புக்கொள்வதா? "அது அப்படித்தான் பாய்" என்றாள். "பெரிய துக்கம்னா ரெண்டு தபா சொல்லாம தீருமா? கேளுங்க, எவ்ளோ நிதானமா வாசிக்கிறான். இந்தப் பக்குவம் உங்க ஆளுக்கு வருமா?"

"நிதானமா? தூங்கி வழியிறான்! குச்சி ஆட்டுற ஆளே கொறட்டை வுடுறான். எங்க ஜெர்மன்காரன் இந்த எடத்த வாசிச்சான்னா..."

டிக். டிக். டிக்.

சாயபுவின் வாய் அப்படியே நின்றது. அவர் வீட்டுப் பாக்குவெட்டி விழுந்து பிளேட்டில் கீறல் போட்ட இடம் அது. அந்த டிக் அவருக்குத் தன் பெண்டாட்டி குரலைப் போலத் தெரியும். பக்தவச்சலத்தைப் பார்த்தார். அவன் கூரையில் பல்லி தேடிக்கொண்டிருந்தான். 'அது என் பிளேட்டு' என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னால், இத்தனை நேரம் தூங்கி வழிகிறான் என்று திட்டியது யாரை?

சாயபு டீயை எடுத்துக் குடித்தார். அது ஏற்கெனவே காலியாகியிருந்த கோப்பை.

அடுத்தது லண்டனின் நாலாவது. ஜெர்மன் மூன்று விட்ட இடத்துக்கும் இதற்கும் நடுவே ஒரு துண்டு சங்கீதம் காணாமல் போயிருந்தது. அழுதுகொண்டிருந்த குழல் மூக்கைக்கூடச் சிந்தவில்லை; திடுமென்று தாரை தப்பட்டை கிழிந்தது.

"எழவு வூட்டுலேர்ந்து நேரா கல்யாண வூட்டுக்குள்ள பூந்துட்டான்" என்றார் சாயபு. குரலில் வழக்கமான சுருதி இல்லை.

"லண்டன்ல ஆளுங்களுக்கு டைம் இல்ல பாய்" என்றாள் அம்மாள். அவள் குரலிலும் இல்லை.

பிறகு ஜெர்மன் செட்டு. மூன்றாவது வந்ததும், சற்று முன் பக்குவம் என்று கொண்டாடிய அதே பக்கத்தை ரோஷனம்மா கேட்டு, "எருமை வண்டி" என்றாள். சாயபு, தூக்கம் என்று திட்டிய அதே பக்கத்துக்கு, "இதுதாம்மா வாசிப்பு" என்றார். டிக், டிக், டிக் வந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்கள். மலர்க்கொடி மட்டும் பக்தவச்சலத்தைப் பார்த்தாள்.

சிம்பனி முடிந்தது. ஊசி கிர்ர் என்று தேய்ந்துகொண்டிருந்தது.

"சொல்லுமா" என்றார் சாயபு. "எது ஒசத்தி?"

"சொல்றேன் பாய். அதுக்கு மின்னாடி எனக்கு ஒண்ணு தெரிஞ்சாவணும்." அவள் திரும்பினாள். "யோவ், நீ வந்ததுலேர்ந்து இன்னாத்துக்கு நின்னுகினே கீற? மரியாதை கிரியாதைன்னு கத வுடாத."

பக்தவச்சலத்தின் நாக்கு நுனியில் பதில்கள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றும் அருமையான பதில். சாயபு வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். பேச்சு எங்கேயோ போயிருக்கும், மலர்க்கொடி எழுந்து டீத் தட்டை எடுத்துக்கொண்டு போயிருப்பாள்.

பிஸ்கோத்து டின்னை எடுத்து வந்து அம்மாளின் எதிரில் திறந்து வைத்தான்.

"லண்டன் செட்டு மூணாவது பிளேட்டும்மா. நாற்காலில வெச்சுட்டு நானே மேல குந்திட்டேன். ஒடஞ்சிப்போச்சி. ரெண்டு தபாவும் பாயோட பிளேட்டத்தான் போட்டேன். தப்பு என்னுது."

அவ்வளவுதான் சொன்னான். கடைசியில் ஒரு வேடிக்கை வந்து தொண்டையில் முட்டியது; விழுங்கிவிட்டான்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் ரோஷனம்மா.

"எனக்கும் தெரியும்" என்றார் சாயபு.

"தெரிஞ்சா ஏன் பாய் சொல்லல?"

"நீங்க ஏம்மா சொல்லல?"

இரண்டு பேரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"இவன மாதிரி ஒரு கழுதைய..." என்று ஆரம்பித்தாள் அம்மாள்.

"அரே, நானும் அதத்தாம்மா சொல்ல வந்தேன்" என்றார் சாயபு. ஒரு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

வசவு பெரிசாகத்தான் இருந்தது; பாதி தமிழ், கால் உருது, கால் குஜராத்தி. அதை அவன் தாங்கிக்கொண்டான். வசவு ஓய்ந்த பிறகு அம்மாள் டின்னிலிருந்து துண்டுகளை எடுத்து மடியில் வைத்து, ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க ஆரம்பித்தாள் பாருங்கள், அதைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை.

"வர்ற கப்பல்ல சொல்லி வெக்கிறேம்மா" என்றான்.

"வாய மூடு."

சாயபு தாடியைத் தடவினார். "அது வர்ற வரிக்கும் என் செட்டு இங்கியே இருக்கட்டும். எருமை வண்டிதான். இருந்தாலும்..."

"வண்டில ஏறி உக்காந்தாச்சி, இனிமே இன்னா" என்றாள் ரோஷனம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "டேய் பக்தா, அந்தக் குழலப் போடு. மொதல்லேர்ந்து."

தீர்ப்பை யாரும் மறுபடி கேட்கவில்லை. பிளேட்டைப் போட்டுவிட்டு அவன் நொண்டிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தான். மலர்க்கொடி டிங்சர் பாட்டிலும் பஞ்சும் இடுக்கியுமாக நின்றாள்.

"திரும்பு. தூணப் புடிச்சிக்கோ."

அவன் திரும்பினான். சுவருக்கு அப்பால் குழல் தன் துக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு கேட்கிற கேள்வியா அது? ஆனால் முகத்தைக் காட்டினால் வாய் பழைய புத்தியைக் காட்டிவிடும்.

"மலரு."

"இன்னா?"

"என்னக் கட்டிக்கிறியா? ஆஸ்பத்திரி வேலைய நீ வுட வேணாம். வூட்ல எங்கம்மா கிட்டயும் இத வியாயக்கெழமையே சொல்லிட்டேன். அன்னிலேர்ந்து எங்கூடப் பேசல. பேசாங்காட்டியும் நான் மாத்த மாட்டேன். உன்ன எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. அத ஒயுங்கா சொல்லத் தெரியாமதான் இவ்ளோ நாளா எதையாச்சும் ஒளறிகினு இருந்தேன்."

இடுக்கி சில்லைப் பிடித்து இழுத்தது. டிங்சர் பட்டது, நெருப்பாக எரிந்தது. அவன் தூணை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கட்டிக்கிறேன்" என்றாள் மலர்க்கொடி.