சுவரைத் தோண்டிய ஆமைகள்

1967 ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்தைத் திறக்கப் போனேன். பின்சுவரை ஒட்டி மூன்று கடலாமைகள் கிடந்தன. துடுப்புக் கால்களால் சுவரைத் தோண்டிக்கொண்டிருந்தன. பூச்சு உதிர்ந்து, கால்களில் ரத்தம். கடல் அங்கிருந்து இரண்டு பர்லாங்கு.

தீவின் வடகோடியில், திக்லிபூருக்குக் கிழக்கே இருந்த அந்தக் குடியேற்றத்தில் நான் ஒருத்திதான் ஆசிரியை. ஓடிப்போய் வேதநாயகத்தை அழைத்து வந்தேன். எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் அவர், எல்லோருக்கும் ‘பிரதான்ஜி’. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீன்பிடிக்க வந்தவர். பக்கா பள்ளிக்கூடம் கட்டித் தருவேன் என்று சொல்லி ஜெயித்து, சொன்னபடி கட்டியும் கொடுத்தார். மணல் எங்கள் கடற்கரை மணல்தான். அதற்குப் பிறகு காண்ட்ராக்டர்கள் வந்தார்கள். லாரி லாரியாக அள்ளியதில் இரண்டே வருஷத்தில் கரை பெரும்பாலும் கல்லாகிவிட்டது.

“வழி தப்பி வந்திருக்கும் டீச்சர்” என்றார். ஆள் வைத்துத் தூக்கிக் கடலில் விட்டார்.

மறுநாள் ஏழு வந்தன. மூன்றாம் நாள் இருபதுக்கு மேல். பாக்குத் தோட்டத்தையும் எட்டு வீடுகளையும் தாண்டி, எங்கும் நிற்காமல், அந்தச் சுவருக்கே வந்தன. பட்டப்பகல்.

ஓர் ஆமை சிமெண்ட் வராந்தாவில் முட்டையிட்டது. முட்டைகள் உருண்டு படியில் விழுந்து உடைந்தன. வேதநாயகத்தின் மனைவி கிளாரா சிலுவை போட்டுக்கொண்டாள்.

“இந்தச் சுவர் எந்த மணல்ல கட்டினதுன்னு அதுகளுக்குத் தெரிஞ்சிருக்குங்க” என்றாள்.

வேதநாயகம் சுவரில் கை வைத்தார். மழையே இல்லாத மாசம். கை நனைந்து வந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“உப்பு” என்றார்.

மறுநாள் காலை மணல் லாரிக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டார். மணல் அள்ளும் கூலி போனதென்று ஊரே திட்டியது. அடுத்த தேர்தலில் தோற்றார். கப்பலேறி, தலைநகரத்து ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் இறங்கி, ஆபீஸ் ஆபீஸாக மனு கொடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு புயலில் கல்கரையைத் தாண்டி வந்த கடல் நான்கு வீடுகளை இழுத்துப் போனது. ஊர் அவரை மறுபடி பிரதானாக்கியது. 1974-இல் மணல் அள்ளத் தடை வந்தது.

கரையில் மணல் மெல்லச் சேர்ந்தது. ஆமைகள்தான் திரும்ப வரவில்லை, கரைக்கும் சரி, சுவருக்கும் சரி. அடுத்த ஜனவரியில் ஒருநாள் வகுப்பு நடக்கும்போது வேதநாயகம் வந்து, பின்சுவரில் காதை வைத்து நின்றார்.

“டீச்சர், இங்க வந்து கேளுங்க.”

நானும் காதை வைத்தேன். உள்ளே, செங்கல்லுக்குள்ளிருந்து, ஏதோ தோண்டிக்கொண்டிருந்தது. நிதானமாக, விட்டுவிட்டு.

“பிள்ளைகளை வெளியே கூட்டிட்டுப் போங்க” என்றார்.

அன்று மாலையே பஞ்சாயத்தைக் கூட்டி, கட்டிடத்தைக் கைவிடத் தீர்மானம் போட்டார். மேட்டில் மரப்பலகையால் வேறு பள்ளிக்கூடம் எழும்பியது. நான் மாற்றலாகிப் போகும்வரை அங்கேதான் பாடம் நடத்தினேன்.