ரெண்டு சீட்டுக்காரர்

நூறு கிலோவுக்கு மேல இருக்கிறவங்க ஆப்பிரிக்கா காட்டுக்குப் போற குட்டி விமானத்துல ரெண்டு சீட்டு எடுக்கணும்னு ட்ராவல்ஸ் பொண்ணு சொன்னதுலேர்ந்து, எங்க பேக்கரியில என் வீட்டுக்காரருக்கு அதுவே பேராயிடுச்சு. ரெண்டு சீட்டுக்காரர். பேர் வெச்சதே நான்தான்.

அங்க போயி சிங்கம் பாக்கணும்கறது இவரோட கிறுக்கு. எனக்கென்ன, தினம் அடுப்புப் பக்கத்துல ஒண்ணைப் பாத்துக்கிட்டுதானே இருக்கேன். ஆனா கல்யாணமான நாள்லேர்ந்து தனக்குன்னு இவரு ஆசைப்பட்டது இது ஒண்ணுதான். அங்க வெயில் காலத்துல தண்ணி வத்தி, மிருகமெல்லாம் ஒரே குட்டைக்கு வருமாம், அப்ப போனாத்தான் நல்லாப் பாக்கலாமாம். அதுக்குள்ள உடம்பைக் குறைச்சுரலாம்னு நான் வரிஞ்சு கட்டிக்கிட்டு இறங்கினேன். கேக் வெட்டறப்ப இவரு ஓரத்தை வாயில போடற பழக்கத்தை நிறுத்தினேன். ராத்திரிக்கு சூப்பு மட்டும்.

உடம்பு இறங்குச்சு. மாவு மூட்டை நிறுக்கற தராசுல அப்பப்ப ஏத்திப் பாப்பேன், முள்ளு கீழ கீழ வந்துச்சு. "எல்லாம் என் கைப்பக்குவம்"னு கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் பீத்திக்கிட்டேன். தங்கச்சி ஃபோன் பண்ணி, அவ வீட்டுக்காரருக்கும் அதே சூப்பு வெக்கணும்னு பக்குவம் கேட்டா. நூறுக்குக் கீழ வந்த அன்னிக்கு நானே ட்ராவல்ஸைக் கூப்பிட்டு, ஒரு சீட்டு போதும்னு சொன்னேன். எனக்குத் தலைகால் புரியல.

அப்பறமும் முள்ளு நிக்கல. "போதும், இனிமே சாப்பிடுங்க"ன்னு நல்ல கேக்கா வெட்டி முன்னாடி வெச்சேன். ஒரு வாய் வெச்சுட்டு தட்டைத் தள்ளிட்டாரு. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு.

"சாப்பிடாதீங்கன்னாலும் குத்தம், சாப்பிடுங்கன்னாலும் குத்தமா?"

"தொண்டைக்குள்ள இறங்க மாட்டேங்குதுடி."

"எப்பலேர்ந்து?"

"நீ சூப்பு வெக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. சொல்ல மனசு வரல."

அன்னிக்கே கடையை மூடிட்டு இவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போனேன்.

டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பாத்துட்டு, டாக்டர் புத்துநோய்னு சொன்னாரு. அதுக்கப்பறம் அவரு சொன்னது எதுவும் என் காதுல ஏறல. இந்தப் பயணத்தை நிறுத்தணும், இவரை இங்கயே வெச்சு வைத்தியம் பாத்துக் காப்பாத்திரணும், அவ்வளவுதான் என் நெனப்பு. நான் சொன்னா கேக்கற ஆளில்ல. அதனால டாக்டர்கிட்டயே போட்டுக் குடுத்தேன்.

"டாக்டர், இவரு ஆப்பிரிக்கா போறேங்கறாரு. கொஞ்சம் கண்டிச்சுச் சொல்லுங்க."

"எப்பம்மா?"

"வர்ற வெயில் காலத்துல."

டாக்டர் பேனாவை மூடி வெச்சாரு. "கொஞ்சம் முன்னாடியே போயிட்டு வர முடியுமா?"

"இப்ப அங்க மழை டாக்டர்," இவரு சொன்னாரு. "புல்லு ஆள் உயரத்துக்கு நிக்கும். சிங்கம் பக்கத்துலயே படுத்திருந்தாலும் தெரியாது."

"பரவால்ல. இப்பவே போயிட்டு வாங்க."

"போகக்கூடாதுன்னு சொல்லுங்க டாக்டர்," நான் கெஞ்சினேன். "ஒரு வார்த்தை சொல்லுங்க."

இவரு என் கையைப் புடிச்சாரு. "எந்திரிடி. வெளிய ஆளுங்க காத்திருக்காங்க."