வாய்தா வக்கீல்

நீதிமன்ற வளாகத்தில் அவருக்குப் பெயர் வாய்தா வக்கீல். தோற்கப்போகிற வழக்கை அவர் கையில் கொடுத்தால் போதும், தலைவலி, தாள் காணவில்லை என்று எதையாவது சொல்லி, எதிராளி நொந்து நூலாகும்வரை இழுத்தடிப்பார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. வீடும் காரும் அப்படி வந்தவைதான்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு காலையில், வீட்டுக்குப் பின்னாலிருந்த ஏரியில் லாரிகள் மண் கொட்டுவதைப் பார்த்தார். அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம். அவர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் நிற்பதே அந்த ஏரியால்தான்.

"கண்டவங்க கேஸையெல்லாம் பார்த்தீங்க. இதுக்கு ஒண்ணு போட மாட்டீங்களா?" என்றாள் மனைவி.

சுருக்கென்று தைத்தது. மற்ற கட்சிக்காரர்களை அனுப்பிவிட்டு, ஏரிக்காக மட்டும் கோட்டு மாட்டினார். பிழைக்கத் தெரியாத ஆள் என்று சக வக்கீல்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டுமே.

கட்டுமானக் கம்பெனிக்காக வந்து நின்றவன் அவருடைய பழைய ஜூனியர். முதலில் வயிற்றுவலி என்றான். அடுத்த முறை வரைபடம் காணவில்லை என்றான். தடை உத்தரவு கேட்டால் அதற்கும் வாய்தா வாங்கினான். லாரிகளுக்கு மட்டும் வாய்தாவே இல்லை. ஒருநாள் வராந்தாவில் அவனை மடக்கினார்.

"ஏன்டா, உனக்கு மனசாட்சியே இல்லையா?"

"கோவிச்சுக்காதீங்க சார். இந்தத் தொழிலே நீங்க போட்ட பிச்சைதானே."

கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவன் மரியாதையாகத்தான் சொன்னான்.

சில வருஷங்கள் கழித்து ஒருவழியாக வழக்கு விசாரணைக்கு வந்தது.

"ஏரி இப்ப இருக்கா?" என்று கேட்டார் நீதிபதி.

"மேடாக்கிட்டாங்க ஐயா. மண்ணை அள்ளச் சொல்லணும்."

"நீங்க கேட்டது மண் கொட்டத் தடை. கொட்டி முடிச்சதுக்கு எப்படித் தடை போடறது?"

"மனுவைத் திருத்திக்கறேன் ஐயா. ஒரே ஒரு வாய்தா கொடுங்க."

"இத்தனை வருஷமா அதுதானே நடந்துச்சு," என்று நீதிபதி கேஸ் கட்டை மூடினார். தள்ளுபடி.

வீட்டில் மனைவி கிணற்றடியில் நின்றிருந்தாள். வாளியில் சேறுதான் வந்திருந்தது.

"என்னங்க ஆச்சு? மண்ணை அள்ளச் சொல்லிட்டாங்களா?"

அவருக்கு வெட்கமாக இருந்தது.

"வாய்தா," என்றார்.

"போகட்டும், கேஸ் இன்னும் இருக்கில்ல," என்று அவள் வாளியை மறுபடியும் உள்ளே இறக்கினாள்.