ஞாயிற்றுக்கிழமை அப்பீல்

கபடி மைதானத்து ஓரத்தில் பாடை நின்றுவிட்டது. முன்னால் கொள்ளிச்சட்டியோடு போன வளவன் சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கமே காலை ஊன்றிக்கொண்டான். பெண்களோடு பின்னால் வந்த அவன் அம்மா சந்திரம்மாளுக்கு, ஏன் நிற்கிறார்கள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடி அண்ணாமலையில் அவள் புருஷன் கருப்பன் காலமெல்லாம் நடுவராக விசில் ஊதிய மைதானம் அது. எடுத்துப்போகும்போது நடுக்கோட்டில் ஒரு நிமிஷம் இறக்கி வையுங்கள் என்று நேற்று மூச்சுத் திணறும்போதுகூடச் சொன்னார். நல்லாத்தான் சொன்னார் மனுஷன். அந்த மண்ணில் பெற்ற பிள்ளை கால் வைக்க முடியாமல் பண்ணியதும் அவர்தானே?

தொண்ணூற்றாறு பொங்கல் போட்டியில் வளவனுக்கு அவுட் கொடுத்தார். ஆத்திரத்தில் அவன் அப்பன் மார்பில் கைவைத்துத் தள்ளிவிட்டான். வீட்டுக்கு வந்து நாலு அறை விட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அதை விட்டு, ஆட்டக்காரர் நடுவரைத் தள்ளினார் என்று அன்றைக்கே மாவட்டச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். ஒழுங்குக் குழு கூப்பிட்டு விசாரித்து ஒரு வருஷம் தடை போட்டது. இது உட்படச் சங்கத்து மைதானம் எதிலும் இறங்கக்கூடாது. சந்திரம்மாள் பேசாமலே சோறு போட்டுப் போட்டுத்தான் அவரை இறங்கி வரவைத்தாள். அப்பீல் விசாரணைக்கு நானே வந்து, பையன் மன்னிப்புக் கேட்டான், நானும் ஏற்றுக்கொண்டேன் என்று சொல்கிறேன் என்றார். தடை நீங்கினால்தான் வளவன் போலீஸ் விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வுக்குப் போகலாம். விசாரணை ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை விடியலில் கருப்பன் போய்விட்டார்.

மாலையோடு வந்திருந்த சங்கச் செயலாளர் ராஜேந்திரன் அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணி, நான் பாக்காத மாதிரி இருந்துடுவேன். ஆனா எதிர் டீம் ஆளுங்களும் வந்துகீறாங்க. தடையில இருக்கறவன் உள்ள போனான்னு ஒருத்தன் எழுதிப்போட்டா, அப்பீல எடுத்துக்கவே மாட்டாங்க."

"சாவுக்குக்கூடவா?"

"சாவுக்குன்னு விதியில ஒண்ணும் இல்லீங்க."

"அவரு இல்லாம ஞாயித்துக்கிழம இன்னா ஆவும்?"

"அண்ணன் அன்னிக்கு எழுதிக் குடுத்த புகாருதான் இருக்குது. பையன் சொல்றத கேப்பாங்க. நம்புவாங்களான்னு தெரியல."

சட்டியை வேறு யாராவது வாங்கிக்கொள்ளட்டும் என்றது ஒரு குரல். பெற்ற பிள்ளை இருக்கும்போது சட்டி கைமாறக்கூடாது, சட்டி போகாத இடத்துக்குப் பாடையும் போகக்கூடாது என்று பங்காளிகள் சொல்லிவிட்டார்கள்.

வளவன் திரும்பினான். புகையில் கண் சிவந்திருந்தது. "யம்மா, நான் போறேன். வேலை போனா போவுது."

தூக்கியிருந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். பறை அடிப்பவர்களும் நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

"போவாத," என்றாள். "அவரு உசுரோட இருந்தா, அவரே விசில் ஊதி வெளிய அனுப்பியிருப்பாரு. தூக்குங்கப்பா. நேரா சுடுகாட்டுக்கு போங்க."

பறை மறுபடி எழுந்தது. பாடை மைதானத்தைச் சுற்றிக்கொண்டு கிரிவலப் பாதையில் ஏறியது. பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. அவர்கள் திரும்பி, அவளையும் குளிக்க வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள்.

நடுக்கோட்டின்மேல் ஓர் ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. சந்திரம்மாள் அதைப் பார்த்தபடி நின்றாள்.