சூடு ஆறினால்தான்

"மெஷின நிறுத்துங்க!"

யாரும் நிறுத்தவில்லை. பூரணமே பாய்ந்து சுவிட்சை அடித்தாள். பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்தின் இரைச்சல் முனகி அடங்கியது.

"என்ன டீச்சர் இது! மூணு மணிக்கு கிள்ளானுக்கு இதழ் ஏத்திப் போற லோரி வந்துரும்லா!" முதலாளி பழனியப்பன் ஓடிவந்தார்.

மை காயாத தாளை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள் பூரணம். வார இதழில் அவள் பெயரோடு வரும் முதல் கட்டுரை. வானொலியில் அறிவியல் நிகழ்ச்சி எழுதும் வேலைக்குத் திங்கட்கிழமை நேர்காணல். அச்சில் வந்த கட்டுரையோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

"விண்மீன் மண்டலத்தச் சுத்தி இருக்கிற வாயுவோட 'சூடு ஆறினால்தான் விண்மீன் பிறக்கும்'னு எழுதினேன். இங்க 'ஏறினால்தான்'னு இருக்கு. தலைகீழ்!"

"நட்சத்திரம்னா நெருப்பு டீச்சர். சூடு ஏறினாத்தானே..."

"அங்கிள், இட்லிச் சட்டி மூடியப் பாத்திருக்கீங்களா? ஆவி ஆறினாத்தான் சொட்டு விழும். அந்த வாயுவும் அப்படித்தான். லட்சக்கணக்கான டிகிரியில கொதிச்சுக்கிட்டே இருந்தா ஒண்ணும் சேராது. ஆறணும், அடரணும், மண்டலத்துக்குள்ள விழணும். விழலைன்னா புது விண்மீனே கிடையாது. மண்டலம் கிழடாயிரும்!"

"நம்ம இட்லிச் சட்டியிலயா இவ்ளோ இருக்கு!" எழுத்துக் கோக்கும் மாரியாயி சிரித்தாள். "நான் ஆவன்னாதான் கோத்தேன் டீச்சர். பாஸ்தான் ஏயன்னா போடச் சொன்னாரு."

சொல்லிக்கொண்டே இடுக்கியால் 'ஏ'வைப் பிடுங்கி எறிந்தாள். 'ஆ' உட்கார்ந்தது. இருநூறு தாள் குப்பைக்குப் போயிற்று. இயந்திரம் மறுபடி ஓடியது.

கட்டுரை பிழைத்துவிட்டது. பூரணம் நகரவில்லை.

"புரூஃப் என் கைக்கு வரவே இல்ல. யாருக்கு அனுப்பினீங்க?"

பழனியப்பன் தரையைப் பார்த்தார். "கோவிக்காதீங்க டீச்சர். பொம்பள எழுதினது... வீட்டு ஆம்பள ஒரு தடவ பாத்துட்டா நல்லதுன்னு..."

"என்னைக் கேட்டீங்களா? கொடுங்க அத!"

மேசை இழுப்பறையிலிருந்து தாளை உருவினார். அவளே பறித்துக்கொண்டாள். 'ஆ' மீது சிவப்புக் கோடு. பக்கத்தில் 'ஏ'. தேதி, நேற்றையது. கீழே அழகான குமாஸ்தா எழுத்தில் ஒரு வரி: 'எழுதியவரின் முழுச் சம்மதத்துடன் திருத்தப்பட்டது.'

அதன் கீழே வீரசிங்கத்தின் கையெழுத்து. காலையில் அவளோடு உட்கார்ந்து தோசை சாப்பிட்டு, "கட்டுரை நல்லா வரும், பயப்படாதே" என்று சொல்லிவிட்டு ரயில்வே ஆபீசுக்குப் போன அவள் கணவன்.