ஏழாவது மெத்தை

எனக்குக் குழந்தை பிறந்த பதினோராம் நாள், மாமியார் ஹூரியா என் கட்டிலில் ஏழாவது மெத்தையை ஏற்றினார். ஸன்ஆ நகரத்தில் எங்களைப் போன்ற வீட்டில் பிள்ளை பெற்றவள் நாற்பது நாளும் பட்டு உடுத்தி, காதோரம் வாசனைச் சதாப்பு இலைக் கொத்து செருகி, உயரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். பிற்பகல் தொழுகை முடிந்ததும் பெண்கள் கூட்டமாக வந்துவிடுவார்கள். மெத்தை எத்தனை உயரமோ அத்தனை மரியாதை. என் வால் எலும்புக்கு அந்த மரியாதை தாங்கவில்லை.

உட்கார்ந்தால் முதுகுத்தண்டின் கடைசி நுனியில் யாரோ ஆணி அடிப்பது போல இருக்கும். எழுந்திருக்கும்போது அதைவிட மோசம், கண்ணில் பூச்சி பறக்கும். படுத்தால் கொஞ்சம் தேவலை. ஆனால் விருந்தாளிகள் முன்னால் படுப்பதா? ஒருநாள் நின்றுகொண்டே வரவேற்றேன்.

"எப்ப கிளம்புவீங்கன்னு கேக்குற மாதிரியில்ல நிக்கிறா!" என்று ஒருத்தி எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

மாமியாரிடம் வாய்விட்டே சொன்னேன். "அத்தை, உட்கார முடியல. பின்னாடி எலும்பு உயிர் போகுது."

"புள்ள பெத்தா வலிக்காம இனிக்குமா, தகிய்யா? நான் நாலு பெத்தவ. ஒரு நாளாவது வாயத் தொறந்திருப்பேனா?"

அப்போதும் அவர் வழக்கம்போல ஒரு தொடையில் சாய்ந்து, மறுபக்கத்தைத் தூக்கினாற்போல்தான் உட்கார்ந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த உட்காரலைப் பார்க்கிறேன். பெரிய ராணி என்று நினைப்பு, என்று மனசுக்குள் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

வலிக்கிறது என்று நான் சொல்லும்போதெல்லாம் அந்த வீட்டில் ஒரு பஞ்சு மெத்தை ஏறும். அது ஏற ஏற நான் இன்னும் ஆழமாகப் புதைந்தேன். கழிவறைக்குப் போகவே பயந்து சாப்பாட்டைக் குறைத்தேன். பாலும் குறைந்தது. பாப்பா ஸஃபிய்யா பசியில் வீறிடுவாள். மடியில் போட்டுக்கொண்டு அரை நிமிஷம் உட்கார்வதற்குள் நானும் அவளோடு சேர்ந்து கத்துவேன்.

பதினேழாம் நாள் மாமியார் முடிவைச் சொல்லிவிட்டார். "உன் ஓரகத்தி கனிய்யாவுக்குப் பால் நல்லா ஊறுது. சனிக்கிழமையிலேர்ந்து பாப்பா அவகிட்டயே குடிக்கட்டும். நீ வர்றவங்க முன்னால ஒழுங்கா உட்காரு, போதும்."

என் பிள்ளை இன்னொருத்தி மடியில், நான் மெத்தை மேல் பொம்மையாக! அன்று முழுக்க அழுதேன். கணவர் முதஹ்ஹர் கதவருகிலேயே நின்று, "அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றார். நல்ல ஆம்பிளை. அந்த எலும்பை அறுத்து எறிய யாராவது முன்வந்திருந்தால் காலில் விழுந்து கேட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை, எனக்குப் பிரசவம் பார்த்த கைரிய்யா அக்கா தையல் ஆறிவிட்டதா என்று பார்க்க வந்தார். ஓரிடத்தில் விரலை வைத்து அழுத்தினார். நான் போட்ட கூச்சலில் பாப்பா விழித்துக்கொண்டாள்.

"தையல் ஆறிடுச்சும்மா. இது வால் எலும்பு. புள்ள வெளிய வரும்போது பின்னால தள்ளியிருக்கு, அதான் சுத்தி வீங்கிக் கிடக்கு." கட்டிலை நிமிர்ந்து பார்த்தார். "யாரு இந்த மலையைக் கட்டினது? பஞ்சுல புதைஞ்சா மொத்தப் பாரமும் அந்த நுனியிலதான் விழும்!"

கெட்டியான மெத்தை ஒன்றை எடுத்து, பின்விளிம்பின் நடுவில் ஒரு கை அகலம் வெட்டிவிடச் சொன்னார். அப்போது எலும்பு எதன்மீதும் படாது. முன்னால் சாய்ந்து உட்கார வேண்டும், குனிந்தபடியே எழ வேண்டும். வெந்நீர் ஒத்தடம். ஊறவைத்த அத்திப்பழம், நிறைய தண்ணீர், முக்கவே கூடாது.

"அறுத்துடலாமா அக்கா?"

"சும்மா இரு. முக்கால்வாசிப் பேருக்குச் சில மாசத்துல அடங்கிடும். அடங்கலன்னா ஆஸ்பத்திரியில ஊசி போடுவாங்க."

வீட்டில் கெட்டியானது ஒன்றே ஒன்றுதான். கூடத்து மூலையில் மாமியார் மட்டும் உட்காரும் இறுகிப்போன ஸ்பாஞ்சு மெத்தை. இன்னொன்று வாங்கிவரச் சொல்லிக் காத்திருக்க எனக்கு நாளில்லை, மறுநாள் சனிக்கிழமை. சமையலறைக் கத்தியை எடுத்துவந்து, சரிகை உறையோடு சேர்த்து அறுத்தேன்.

மாமியார் வந்து பார்த்தபோது கத்தி என் கையிலேயே இருந்தது.

"என் எடத்தையா அறுத்த?"

"ஆமா அத்தை. பாப்பாவை நான் குடுக்க மாட்டேன்."

அவர் எதிரிலேயே உட்கார்ந்தேன். குனிந்து பிள்ளையை எடுத்துக்கொண்டேன். வலி இருந்தது, ஆனால் பொறுத்துக்கொள்ளக்கூடிய வலி. பாப்பா குடித்து, குடித்தபடியே தூங்கிப்போனாள். பதினெட்டு நாளில் முதல் தடவை. மாமியார் என்னைப் பார்க்கவில்லை, வெட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாப்பாவைக் கிடத்திவிட்டு ஒத்தடத்துக்கு வெந்நீர் வைக்கப் போனேன். திரும்பி வந்தபோது மாமியார் அந்த மெத்தையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு தொடையும் பதிய, நேராக. கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"முதஹ்ஹர் பொறந்ததுலேர்ந்துடி. முப்பது வருஷம். புள்ள பெத்தவ எல்லாருக்கும் இப்படித்தான்னு நெனச்சுட்டேன்."

பாப்பா மறுபடி பசிக்கு அழுதாள். நான் மெத்தைப் பக்கம் போனேன். மாமியார் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்ச நேரம்டி. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கிறேன்."

நான் நின்றுகொண்டே பால் கொடுத்தேன்.